ஒரு டின் என்றால் ஒரு பியர் அல்ல

பின்னிரவு மூன்று மணி. இன்சுலின் போடும் சீனி வருத்தக்காரர் ஒருவர். உடம்பெல்லாம் வியர்வை, பேச்சுக் குழறுகிறது, கூப்பிட்டால் ஒழுங்கான மறுமொழி இல்லை. "வெறியில கிடக்கிறார், விடுங்கோ" என்று வீட்டுக்காரர் போர்வையை இழுத்து மூடிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்கள். மகளுக்குத்தான் மனம் கேட்கவில்லை. விரலில் குத்தி இரத்தத்தில் சீனியைப் பார்த்தாள்: 2.1. ஊர்க் கணக்கில் 38. ஆபத்தான இறக்கம். ஆம்புலன்ஸ் வந்து குளுக்கோஸ் ஏற்றித்தான் ஆளை எழுப்பியது.

குடித்தது இரண்டு டின் ஸ்டவுட், அதாவது கறுப்பு பியர். சொக்லேட், வனிலா, தேங்காயெல்லாம் சேர்த்து, கேக்கைக் கரைத்து ஊற்றியதுபோல இருக்கும் வகை. மருமகன் பிறந்தநாளுக்கு வாங்கி வந்தது. "இவ்வளவு இனிப்புக் குடிச்சனான், சீனி ஏறியிருக்கும்" என்று நினைத்து, படுக்கமுன் இன்சுலினைக் கூட்டிப் போட்டிருக்கிறார். இங்கிலாந்தில் குடும்ப மருத்துவராக இருக்கும் எனக்கு இந்தக் குளிர்காலத்தில் இப்படி வந்த மூன்றாவது ஆள் இவர். மூவருமே எங்கட ஆட்கள். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன்.

"ரெண்டு பியர்தானே டொக்டர்" என்றார் அவர். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பியரை டின்னால் எண்ணக் கூடாது. இதை ஆறுதலாகவே சொல்கிறேன், தயவுசெய்து கணக்கைப் பாருங்கள். டின்னில் உள்ள மில்லிலீட்டரை அற்ககோல் சதவீதத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால், இங்கே நாங்கள் கணக்கிடும் யூனிட் வரும். பப்பில் விற்கும் 4 சதவீத லாகர், அதாவது சாதாரண வெளிர் பியர், ஒரு பைண்ட், அதாவது 568 மில்லி, 2.3 யூனிட். இந்த இனிப்பு ஸ்டவுட் 440 மில்லி டின், 12 சதவீதம்: 5.3 யூனிட். சின்ன டின்தான், ஆனால் இரண்டு பைண்டை விடக் கூட. 25 மில்லி அளவில் ஊற்றும் விஸ்கி ஐந்து குடித்ததற்குச் சமம். அவர் குடித்த இரண்டு டின்னும் சேர்ந்து 10.6 யூனிட், ஒரு முழுப் போத்தல் வைனையும் தாண்டிவிட்டது. ஒரு கிழமை முழுவதற்கும் 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்று 2016இலிருந்து இங்கே சொல்லி வருகிறார்கள், ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே அளவு.

ஊரில் லயன் ஸ்டவுட் 8.8 சதவீதம். அது வெறிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் மரியாதையோடு குடிப்பார்கள். இங்கே அதைவிட வலுவானதைக் கார்ட்டூன் படம் போட்ட டின்னில் வாங்கி, குளிரக் குளிர மடமடவென்று குடிக்கிறார்கள். நாக்கை நம்பாதீர்கள். இனிப்பும் வறுத்த மோல்ட்டின் (முளைகட்டிய தானியத்தின்) கசப்பும் அற்ககோலின் எரிவை மூடிவிடும். பேரில் 'இம்பீரியல்' என்று இருந்தாலே கவனம் வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் லண்டனிலிருந்து ரஷ்ய அரண்மனைக்குப் போன வலுவான கறுப்பு பியரின் வழியில் வந்த பேர் அது.

இப்போதெல்லாம் "எத்தனை பியர் குடிப்பீர்கள்?" என்று நான் கேட்பதில்லை. போனில் டின்னின் படம் எடுத்துக்கொண்டு வரச் சொல்கிறேன். பாதிப்பேர் சதவீதத்தை முதன்முதலாக என் அறையில் வைத்துத்தான் வாசிக்கிறார்கள்.

ஸ்டவுட் சத்து, இரத்தம் ஊறும் என்று இன்னும் சொல்லுகிறவர்களுக்கு ஒரு வரி: 'கின்னஸ் உங்களுக்கு நல்லது' என்பது கின்னஸ் ஸ்டவுட்டை விற்க 1929இல் தொடங்கிய விளம்பரம். மருத்துவர் எழுதிய சீட்டு அல்ல. ஒரு பைண்டில் அரை மில்லிகிராம் இரும்புகூட இல்லை. பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் சுரக்கக் கொடுக்கிற வேலையையும் விடுங்கள். அற்ககோல் பால் இறங்குவதைக் குறைக்கும்.

சீனி வருத்தக்காரருக்கு வருகிறேன். ஸ்டவுட்டிலுள்ள இனிப்புச் சீனியை முதலில் ஏற்றலாம். ஆனால் அற்ககோலை உடைக்கிற வேலையில் ஈரல் இருக்கும்போது இரத்தத்துக்குச் சீனி விடுகிற வேலையைக் குறைத்துவிடும். அதனால் மணித்தியாலங்கள் கழித்து, நித்திரையில், சீனி இறங்கும். இன்சுலின் போடுபவர்களும் கிளிக்கிளசைட் போன்ற சீனி இறக்கும் குளிசை எடுப்பவர்களும் குடித்துவிட்டு ஊசியையோ குளிசையையோ தாமாகக் கூட்டவே கூடாது. வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள். படுக்கமுன் குத்திப் பாருங்கள், ஒரு துண்டு பாண் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள், காலையிலும் பாருங்கள். வீட்டில் சீனியை ஏற்றும் குளுக்ககொன் ஊசி இருக்கிறது என்ற தைரியமும் வேண்டாம், குடித்த உடம்பில் அது சரியாக வேலை செய்யாமல் போகலாம்.

பால் ஒத்துக்கொள்ளாதவர்களும் லேபிளைப் பாருங்கள். இந்த வகைகள் பலவற்றில் லக்டோஸ் என்ற பால் சீனியைச் சேர்ப்பார்கள். ஈஸ்ட் அதைத் தின்னாது, அப்படியே உங்கள் வயிற்றுக்கு வரும். சிலவற்றில் கச்சானும் இருக்கும். கச்சான் அலேர்ஜி உள்ள பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

ருசி பார்க்க ஆசையா, பாருங்கள். ஒரு டின்னை நாலு பேர் பகிருங்கள், ஆளுக்கு 110 மில்லி, 1.3 யூனிட். ஐஸ் போலக் குளிர வேண்டாம். சற்று ஆறவிட்டு மணந்து, வாயில் வைத்து மெல்ல இறக்குங்கள், அப்போதுதான் அதில் போட்டதெல்லாம் தெரியும். கார்த் திறப்பைத் தொடாதீர்கள். உடம்பு ஒரு யூனிட்டைக் கழிக்க ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் எடுக்கும். இரவு பதினொரு மணிக்கு இரண்டு டின் முடித்தவருக்கு அடுத்த நாள் காலை வேலைக்குப் போகும்போதும் மிச்சம் இருக்கும்.

வீட்டிலுள்ளவர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். சீனி வருத்தக்காரர் குடித்துவிட்டு வியர்த்துக் குழறினால், வெறி என்று முடிவு கட்டமுன் விரலில் குத்துங்கள். இங்கத்தைய கணக்கில் 4க்குக் கீழே இருந்து, விழுங்கக்கூடியவராக இருந்தால் ஒரு கிளாஸ் பழச்சாறு கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் மறுபடி பாருங்கள். எழுப்பியும் எழும்பாவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள். பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸுக்கு 999க்கு அடியுங்கள்.