சிப்பில் இடம் பிடிக்கும் வீடியோ

முழு எச்டி வீடியோவைச் சுருக்காமல் அப்படியே அனுப்பினால், நொடிக்கு 30 ஃபிரேம் கணக்கில் ஒவ்வொரு நொடிக்கும் சுமார் 186 மெகாபைட் ஆகும். ஒரு மணி நேரத்துக்கு 670 ஜிபி. நாம் பார்ப்பதோ ஓரிரண்டு ஜிபியில் முடிந்துவிடுகிறது. மிச்சம் எங்கே போனது?

சுவரோரம் ஒரு பந்து உருள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஃபிரேமிலும் அதே சுவர், அதே பந்து. கோடெக் (வீடியோவைச் சுருக்கி, பார்க்கும்போது மறுபடி விரிக்கும் முறை) படத்தைக் கட்டங்களாக நறுக்கி, 'இந்தக் கட்டம் போன ஃபிரேமில் 7 பிக்சல் இடப்பக்கம் இருந்ததுதான்' என்று குறித்துக்கொள்கிறது. அப்படி ஊகித்ததற்கும் உண்மைப் படத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அனுப்புகிறது. அதிலும் கண்ணுக்குப் பிடிபடாத நுணுக்கங்களைக் கழித்துவிடும்.

2003இல் வந்த எச்.264 என்ற கோடெக்கில் கட்டத்தின் உச்ச அளவு 16க்கு 16 பிக்சல். 2013இல் எச்.265 அதை 64 ஆக்கியது, 2020இல் எச்.266, 128 ஆக்கியது. வெறும் சுவருக்கு ஒரே பெரிய கட்டம் போதும், பந்தின் விளிம்பை மட்டும் பொடியாக நறுக்கலாம். தலைமுறைக்குத் தலைமுறை வீடியோ கோப்பின் அளவைப் பாதியாக்குவதுதான் இலக்கு. கணக்கு வேலையும் கூடவே ஏறுகிறது.

சிப்காரர்கள் இங்கேதான் வருகிறார்கள். மென்பொருளாலும் வீடியோவை விரிக்கலாம். என் பழைய மடிக்கணினி அதைச் செய்யும்போது விசிறி போடும் சத்தத்தில் வசனமே கேட்காது. இதற்கென்றே சிப்பில் தனி மின்சுற்று இருந்தால் பேட்டரி தப்பும். ஆனால் அந்தச் சுற்றை அப்புறம் அப்டேட் செய்ய முடியாது. அதனால் எந்தக் கோடெக் ஜெயிக்கும் என்று சில வருடம் முன்பே பந்தயம் கட்ட வேண்டும். எச்.265இன் காப்புரிமைச் சிக்கல் கூகுள், நெட்ஃபிளிக்ஸ், இன்டெல் போன்றவர்களை 2015இல் ஒரு கூட்டணியாக்கியது. அவர்களின் கோடெக்கான ஏவி1, 2018இல் தயார். ஐபோன் சிப்பில் அதற்கு இடம் கிடைத்தது 2023இல்! நன்றாகச் சுருக்குவதைவிட சிப்பில் இடம் பிடிப்பதே பெரிய வெற்றி என்பேன்.

சரி, சிப்களில் இப்போது ஏஐக்கென்று தனிப் பகுதி வருகிறதே, நரம்பு வலைப்பின்னலையே (தரவைப் பார்த்துக் கற்கும் ஏஐ நிரல்) கோடெக்காக அதில் ஏற்றிவிட்டால்? புதுச் சுற்றுக்குக் காத்திருக்க வேண்டாம்தான். ஆனால் தனிச் சுற்றைவிட மின்சாரம் அதிகம் தின்னும். இன்னொரு தொல்லை: அனுப்பும் சிப்பும் விரிக்கும் சிப்பும் ஒரே விடையைப் போட்டாக வேண்டும். ஒன்று தசமத்தை மேலே முழுமையாக்கி, மற்றது கீழே இறக்கினால், அந்தச் சின்னப் பிழை ஃபிரேம் ஃபிரேமாகப் பெருகி, பந்து சுவரோடு கரைந்துபோகும்.