மாண்டமஸ்: செயலுறுத்தும் நீதிப்பேராணை

தேர்தல் சமயத்தில் "தேர்தல் ஆணையத்துக்கு உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் மனு" என்ற செய்தியை அடிக்கடி பார்க்கிறோம். அந்த மனுவில் கேட்கப்படுவது பெரும்பாலும் மாண்டமஸ். லத்தீனில் 'நாங்கள் கட்டளையிடுகிறோம்' என்று பொருள். இங்கிலாந்தில் மன்னர் பெயரால் அதிகாரிகளுக்குப் போன ஆணை இது, இன்று அரசியலமைப்பின் 32-ஆவது உறுப்பின்படி உச்ச நீதிமன்றமும் 226-ஆவது உறுப்பின்படி உயர் நீதிமன்றங்களும் பிறப்பிக்கின்றன.

தமிழில் செயலுறுத்தும் நீதிப்பேராணை என்கிறோம். பள்ளிப் பாடநூலில் 'கட்டளையுறுத்தும் நீதிப்பேராணை' என்று இருக்கும், அதுவும் தவறில்லை. ஆனால் நீதிமன்றம் போடும் எல்லா உத்தரவும் கட்டளைதானே! செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருப்பவரைச் செய்ய வைப்பதுதான் இதன் வேலை என்பதால் எனக்குச் 'செயலுறுத்தும்' என்பதே பிடித்திருக்கிறது. வலியுறுத்து, அறிவுறுத்து என்பவற்றில் வரும் அதே 'உறுத்து'தான் இதிலும்.

பொதுவாக நேராகக் கோர்ட்டுக்குப் போய்விட முடியாது. முதலில் அந்த அதிகாரியிடம் எழுத்தில் மனு கொடுத்திருக்க வேண்டும், அவர் மறுத்திருக்க வேண்டும் அல்லது பதிலே சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். அதனால்தான் வழக்கறிஞர்கள் முதலில் மனுவின் நகலையும் அது போய்ச் சேர்ந்ததற்கான தபால் ஒப்புகையையும் கேட்பார்கள். அப்புறம், நாம் கேட்கும் வேலை சட்டம் அவர்மேல் சுமத்திய கடமையாகவும் இருக்க வேண்டும். அவர் தன் விருப்பப்படி முடிவெடுக்கலாம் என்று சட்டமே விட்டிருந்தால், 'முடிவெடு' என்று சொல்லலாமே தவிர 'இப்படித்தான் முடிவெடு' என்று கோர்ட் பொதுவாகச் சொல்லாது.

தேர்தலில் இன்னொரு வேலியும் உண்டு. முதல் பொதுத் தேர்தலில் நாமக்கல் தொகுதியில் பொன்னுசாமி என்பவரின் வேட்புமனு தள்ளுபடியானது, அவர் ரிட் (நீதிப்பேராணை) மனுவோடு போனார், 1952-இல் உச்ச நீதிமன்றம் முடியாது என்றது. அறிவிக்கை முதல் முடிவு வரை எல்லாமே 'தேர்தல்', 329-ஆவது உறுப்பின்படி குறை இருந்தால் தேர்தல் முடிந்த பிறகு தேர்தல் வழக்காகத்தான் கொண்டுவர வேண்டும் என்பது தீர்ப்பு. தேர்தலை நிறுத்தும்படி ஆகிவிடக் கூடாது என்பதுதான் அதன் கவலை. தேர்தல் தடையில்லாமல் நடந்து முடிய உதவும் உத்தரவு என்றால் நீதிமன்றம் தலையிடலாம் என்று 2000-இல் அசோக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது.

தேர்தலையே நடத்தாமல் இழுத்தடிக்கும்போதுதான் இந்தப் பேராணையின் அருமை தெரியும். தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது, அதுவும் ஒன்பது மாவட்டங்களை விட்டுவிட்டு. நகர்ப்புறத் தேர்தலுக்கு 2022 பிப்ரவரி ஆகிவிட்டது. அதுவரை கவுன்சிலர் இல்லை, அரசு நியமித்த தனி அலுவலர்தான், தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் வார்டில் போய்க் கேட்க ஆளில்லை. ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்தியே ஆக வேண்டும் என்று கிஷன் சிங் தோமர் வழக்கில் 2006-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாநில அரசு ஒத்துழைக்காவிட்டால் மாநிலத் தேர்தல் ஆணையமே செயலுறுத்தும் பேராணை கேட்டு நீதிமன்றம் போகலாம் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது.