நின்னு நின்னு ஓடுன பிலிம்ல பாட்டு மட்டும் எப்படி நிக்காம வந்துச்சு?

பழைய தியேட்டர்ல பிலிம் அறுந்து, ஆபரேட்டர் ஒட்டி மறுபடி ஓட்டும்போது உன்னிப்பா கவனிச்சிருந்தீங்கன்னா ஒண்ணு தெரிஞ்சிருக்கும். ஒட்டுன இடம் வரும்போது முதல்ல திரையில ஆள் பொசுக்குனு ஒரு எட்டு தாவுவாரு, ஆனா வசனம் அப்ப தாவாது, முக்கால் செகண்டுக்கு மேல கழிச்சுத்தான் தாவும். அந்த இடைவெளில வாய் ஒண்ணு பேசும் குரல் ஒண்ணு பேசும், அப்புறம் யாரும் ஒண்ணும் பண்ணாமலே ரெண்டும் தானா சேந்துக்கும். நம்மாளுங்க அதுக்குள்ள ஆபரேட்டரை நாலு வார்த்தை சொல்லி முடிச்சிருப்பாய்ங்க, அது வேற.

ஏன் ரெண்டும் ஒண்ணா தாவல? ஏன்னா நீங்க பாக்குற படமும் கேக்குற சத்தமும் மெஷினுக்குள்ள ஒரே இடத்துல இல்ல.

35 எம்எம் பிலிம்ல ஒரு செகண்டுக்கு 24 படம். ஒவ்வொண்ணும் லென்ஸுக்குப் பின்னாடி வந்து அசையாம நிக்கணும், நிக்காம வழுக்கிக்கிட்டே போனா திரையில வெறும் கோடுதான் தெரியும். அதுக்காக உள்ள சிலுவை மாதிரி நாலு பிளவு போட்ட ஒரு சக்கரம் இருக்கும். பக்கத்துல சுத்துற இன்னொரு சக்கரத்துல ஒரே ஒரு பின், அது ஒரு சுத்துல கால் பங்கு நேரம் மட்டும் பிளவுக்குள்ள நுழைஞ்சு சிலுவையைக் கால் சுத்து தள்ளிவிட்டுட்டு வெளிய வந்துரும், மீதி முக்கால் நேரம் சிலுவை பூட்டுப் போட்ட மாதிரி நிக்கும். அந்தக் கால் சுத்துல பிலிம் நாலு ஓட்டை கீழ இறங்கும், அதாவது ஒரு படம். இதெல்லாம் 96-ல ஒரு பங்கு செகண்டுல நடந்து முடியும், அடுத்த படத்துக்கு மறுபடி. ஓட்டையெல்லாம் ஏன் கிழியுதுன்னு இப்ப புரியும்.

பிலிம் நகர்ற நேரத்துல வெளிச்சத்தை ஷட்டர் மறைச்சிரும். நின்ன படத்தையும் நடுவுல ஒரு தடவை சும்மா மறைக்கும், இல்லன்னா செகண்டுக்கு 24 தடவை கண்ணுல மினுக்கும். ரெண்டு பிளேடு வச்சு மறைச்சா 48 ஆயிரும், மினுக்கறது பெருசா உறுத்தாது. இதுல என்ன கூத்துன்னா படம் ஓடுறதுல ஏறக்குறைய பாதி நேரம் திரையில இருட்டுதான், மூணு மணி நேரப் படத்துல ஒண்ணரை மணி நேரம் இருட்டைப் பாத்துட்டு வந்திருக்கோம்.

படத்துக்கு இப்படி நிக்கணும். சத்தத்துக்கு நிக்கவே கூடாது, அங்கதான் சிக்கல்.

பிலிம் ஓரத்துல படத்துக்கும் ஓட்டைக்கும் நடுவுல சுமார் இரண்டரை மில்லிமீட்டர் அகலத்துல ஒரு கோடு போகும், அதுதான் சவுண்ட் டிராக். கையில எடுத்து வெளிச்சத்துக்கு நேரா புடிச்சா ரம்பப் பல்லு மாதிரி நெளிஞ்சு நெளிஞ்சு தெரியும் (இன்னொரு வகையில நெளிவே இருக்காது, கருப்பும் சாம்பலுமா வரி வரியா இருக்கும், வேலை ஒண்ணுதான்). ஒரு சின்ன பல்போட வெளிச்சத்தைத் தலைமுடியை விட மெல்லிசான கோடாக்கி இது மேல விழ வைப்பாங்க. டிராக் நெளியிறதுக்குத் தகுந்த மாதிரி அந்தப் பக்கம் போற வெளிச்சம் கூடும் குறையும், அங்க இருக்குற போட்டோசெல் அதை மின்சாரமாக்கும், ஆம்ப்ளிஃபையர் பெருசாக்கி திரைக்குப் பின்னாடி ஸ்பீக்கருக்கு அனுப்பும். அந்த பல்புக்கு ஏசி கரண்ட் நேரா குடுத்தா பல்பே துடிச்சு பாட்டோட ஒரு உறுமலும் சேந்து வரும், அதனால டிசி குடுப்பாங்க. 1952 தீபாவளிக்கு மதுரை தங்கம் தியேட்டர்ல பராசக்தி ரிலீஸ் ஆனப்ப, 2500 பேருக்கு மேல உக்கார்ற அந்தப் பெரிய ஹால்ல கோர்ட் சீன் வசனம் கடைசி வரிசை வரைக்கும் போய் விழுந்துச்சுன்னா, மொத்தமும் கிளம்புனது இந்த இரண்டரை மில்லிமீட்டர்ல இருந்துதான். இப்ப அந்தத் தியேட்டர் இல்ல.

இந்த டிராக்கை லென்ஸ் இருக்குற இடத்துலயே படிச்சா என்ன ஆகும்? பெரியார் பஸ் ஸ்டாண்டுல கிளம்புன டவுன் பஸ் மாதிரி நின்னு நின்னு இழுக்குற பிலிம்ல சத்தம் கடகடன்னுதான் வரும், பாட்டு வராது. அதனால சத்தம் படிக்கிற இடத்தைக் கீழ தள்ளி வச்சாங்க, 20 படம் தள்ளி, அதாவது சுமார் 38 சென்டிமீட்டர். பிரிண்ட் போடும்போதே ஒரு படத்துக்கு உரிய சத்தத்தை 20 படம் முன்னாடியே அடிச்சிருவாங்க, படம் லென்ஸுக்கு வர்ற நேரத்துல அதோட சத்தம் சரியா கீழ படிக்கிற இடத்துல இருக்கும். நடுவுல பிலிமைத் தொளதொளன்னு ஒரு வளைவு விட்டு மாட்டுவாங்க, ஆபரேட்டருங்க அதை லூப்னு சொல்லுவாங்க. மேல நடக்குற குலுக்கலை அந்த லூப் வாங்கிக்கும், மிச்சம் மீதி ஆட்டத்தை, சத்தம் படிக்கிற இடத்துல பிலிம் சுத்திப் போற உருளையில (சவுண்ட் டிரம்) மாட்டுன கனமான சக்கரம், அதாவது ஃப்ளைவீல், அடக்கிரும். ஒட்டுன இடம் முதல்ல லென்ஸைத் தாண்டி 20 படம் கழிச்சு கீழ வர்றதால படம் முன்னாடியும் குரல் பின்னாடியும் தாவுது. 20-ஐ 24-ஆல வகுத்தா 0.83 செகண்டு, அவ்ளோதான் கணக்கு.

லூப்பை நீளமா விட்டு மாட்டிட்டா படம் பூரா வாய் ஒரு பக்கம் குரல் ஒரு பக்கம்தான். கை பழகுன ஆபரேட்டர் இதையே சாதகமா வச்சுக்குவாரு. காத்துல சத்தம் ஒரு படம் மாறுற நேரத்துல சுமார் 14 மீட்டர்தான் போகும், பெரிய ஹால்ல பின்னாடி உக்காந்தவருக்கு ஒண்ணு ரெண்டு படம் பிந்தித்தான் குரல் வரும், அதுக்காக லூப்பைக் கொஞ்சம் குறைச்சு மாட்டினா சத்தம் அந்த அளவு முந்திக்கும். சும்மா சுவிட்ச் போடுற வேலைன்னு யாராச்சும் சொன்னா எனக்குக் கோவம் வரும்.

ஃப்ளைவீல் ஒழுங்கா இல்லன்னா காட்டிக்குடுக்குறது வசனம் இல்ல, நாதஸ்வரம். வேகமா பேசுற வசனத்துல சின்ன ஆட்டம் தெரியாது, ஒரே சுரத்துல நீளமா நிக்கிற ஊதுல பிலிம் கொஞ்சம் தயங்குனாலும் சுருதி அலையும். தில்லானா மோகனாம்பாள்ல (1968) சிவாஜிக்காக வாசிச்சது நம்ம மதுரை சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்கள், அவங்க வேணும்னே குடுக்குற அசைவு எது மெஷின் குடுக்குற அசைவு எதுன்னு காது உள்ளவங்களுக்குத் தெரியும், வோல்டேஜ் இறங்குற டூரிங் டாக்கீஸ்ல அந்தப் படத்தைப் பாத்தவங்க பாவம்.

இதுக்கு ஒரு சொச்சம் டிவிலயும் இருக்கு. நம்ம ஊர் டிவி ஓடுனது செகண்டுக்கு 25 படத்துல, பிலிமோ 24. பல படங்களை அப்படியே 25-ல ஓட்டித்தான் மாத்துனாங்க, பழைய டிவிடி நெறைய அந்த வகைதான். மூணு மணி நேரப் படம் ஏழு நிமிஷம் முன்னாடியே முடிஞ்சிரும், அது பரவால்ல, சத்தமும் நாலு சதவீதம் வேகமாகி சுருதி அரைக்கட்டைக்கு (ஆர்மோனியத்துல ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள இடைவெளி) கொஞ்சம் கம்மியா ஏறிடும். டிஎம்எஸ் பாட்டை அதுல போட்டுட்டு கூடவே ஆர்மோனியம் வாசிச்சுப் பாருங்க, எந்தக் கட்டையிலயும் உக்காராம ரெண்டு கட்டைக்கு நடுவுல நிக்கும். பிளேயர்ல சுருதியும் சேந்து இறங்குற மாதிரி வச்சு வேகத்தை 0.96 ஆக்குனா பழையபடி இறங்கிரும்.