‘ஆஃப்லைன் மேப்’: சொல்லும் பொருளும், மஃபாத் போகிறவர்களுக்காக

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் நம்மவர்களின் வீட்டுமொழி கிரியோல், பள்ளிமொழி பிரெஞ்சு. தமிழை நாங்கள் தேடிப்போய்ப் பேசுகிறோம். அதனால் ஜி.பி.எஸ். உள்ள கைக்கடிகாரத்தின் அமைப்புப் பக்கத்தில் பிரெஞ்சில் ‘கார்த் ஓர் லிஞ்’ என்று பார்க்கிறோம், தமிழில் பேசும்போது ‘ஆஃப்லைன் மேப்’ என்கிறோம். இரண்டையும் கேட்கிற பலர் மனதில் ஒரே எண்ணம்தான் எழுகிறது: கைபேசி சிக்னல் போனால் ஜி.பி.எஸ். போய்விடும், அதற்கு மாற்றாக இது. அது தவறு. மலையில் அந்தத் தவறு ஆபத்திலும் கொண்டுபோய் விடும்.

முதலில் சொல்லின் வேர். ‘மேப்’ இலத்தீன் ‘மப்பா’விலிருந்து வந்தது. மப்பா என்றால் துணி. துணியில் உலகை வரைந்த காலத்தின் நினைவு அந்தச் சொல்லில் தங்கிவிட்டது. ‘லைன்’ என்பதும் இலத்தீன்தான். ஆளிச்செடிக்கு ‘லினும்’ என்று பெயர், அதன் நாரில் திரித்த நூல் ‘லினேயா’. நம் ‘படம்’ எங்கிருந்து வந்தது? அகராதியைத் திறந்தால் சீலை, சித்திரச்சீலை என்று பொருள் தந்திருக்கும். துணியைக் குறித்த சொல், துணியில் எழுதிய ஓவியத்துக்கு ஆகி, பிறகு எல்லா ஓவியத்துக்கும் ஆனது. இலத்தீன்காரர் போன வழியிலேயே நம் சொல்லும் வந்திருக்கிறது. எனக்கு இது பெரிய மகிழ்ச்சி. ‘மேப்’புக்குப் ‘படம்’ என்று சொல்வதைவிடப் பொருத்தமான தமிழ் கிடைக்காது.

‘ஆஃப்லைன்’ கணினித் துறைக்குள் 1950-களிலேயே புழங்கியது. பெரிய கணினியின் நேரம் விலைமதிப்பானது என்பதால், விடைகளைக் காந்த நாடாவில் பதிந்துகொண்டு, அச்சிடும் வேலையைத் தனி எந்திரத்தில் செய்தார்கள். அதுதான் ஆஃப்லைன் அச்சு. தொடர்பு இல்லை, ஆனால் வேலை நடக்கிறது. இந்தப் பழைய பொருளைப் பிடித்துக்கொண்டால் கடிகாரத்தில் நடப்பதும் எளிதில் விளங்கும்.

மஃபாத் தீவின் உள்ளே மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு. அதற்குச் சாலை கிடையாது. நடந்து போக வேண்டும், இல்லாவிட்டால் ஹெலிகாப்டர். சிலாவோஸ் பக்கமிருந்து 2,000 மீட்டருக்கு மேலுள்ள தைபித் கணவாயில் ஏறி, மஃபாத்தில் உள்ள மார்லா என்ற சிற்றூருக்கு இறங்கும் வழியில் கைபேசி அலை வரும், போகும். அங்கே கடிகாரம் கட்டிய இருவரின் கைகளை அருகருகே வைத்துப் பாருங்கள். படம் ஏற்றாத கடிகாரத்தில் வெறும் சாம்பல் பரப்பு, நடுவே ஓர் அம்புக்குறி. படம் ஏற்றியதில் அதே அம்புக்குறிக்குக் கீழே சமஉயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை) நெருங்கி நெருங்கிக் கிடக்கும், அவற்றின் குறுக்கே வளைந்து இறங்கும் பாதையும் தெரியும். இருவருக்கும் இருப்பிடம் தெரிகிறது. ஒருவருக்குத்தான் வழி தெரிகிறது.

ஏனென்றால் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து சொல்லிக்கொண்டே போகின்றன. கடிகாரம் கேட்க மட்டும் செய்கிறது. நான்கு கோள்களின் குரல் கேட்டால் இடத்தைக் கணக்கிட்டுவிடும், சிம் அட்டை வேண்டியதில்லை. இணையம் இருந்தால் கோள்களின் நிலை பற்றிய தரவு முன்கூட்டியே கிடைத்து வேகம் கூடும், அவ்வளவுதான். பாறைச் சுவரில் அலை பட்டுத் திரும்பும் பள்ளங்களில் புள்ளி சற்றுத் தள்ளிக் காட்டும். அதற்கும் இணையத்துக்கும் சம்பந்தமில்லை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? கலைச்சொல் பட்டியல்களில் ஆன்லைனுக்கு ‘நிகழ்நிலை’, ஆஃப்லைனுக்கு ‘அகல்நிலை’ என்று இருக்கும். நிகழ்நிலை வேரூன்றிவிட்டது, இலங்கையில் 2024-இல் வந்த சட்டத்தின் பெயரே நிகழ்நிலைக் காப்புச் சட்டம். அகல்நிலை அந்த அளவுக்குப் பேச்சுக்கு வரவில்லை. ‘இணையமில்லா வரைபடம்’ உடனே புரியும், ஆனால் இல்லாததை மட்டும் சொல்கிறது. இன்னொரு சிக்கல், ‘வரைபடம்’ என்பது கிராஃபுக்கும் ஆகிறது. அதே கடிகாரம் இதயத்துடிப்பு வரைபடமும் காட்டுகிறதே! ‘தேசப்படம்’ என்ற ஈழத்து வழக்கு அழகானதுதான், ஆனால் ஒரு பள்ளத்தாக்குக்குப் பெரிய சட்டை.

என் தேர்வு ‘சேமித்த நிலப்படம்’. கையில் இருப்பதைச் சொல்கிறது என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, ‘சேமித்த’ இறந்தகாலப் பெயரெச்சம். எப்போது சேமித்தது என்ற கேள்வி அதற்குள்ளேயே இருக்கிறது. 2024 ஜனவரியில் பெலால், 2025 பிப்ரவரியில் கராஞ்ஸ் என்று புயல்கள் இந்தத் தீவை அடித்தபின் நடைபாதைகள் மூடப்பட்டன. அதற்கு முன் சேமித்த படம் மூடிய பாதையையும் திறந்த பாதை மாதிரியே கோடு போட்டுக் காட்டும். கடிகாரத்தின் மேல் பழி சொல்ல முடியாது, அதற்குத் தெரிந்தது அந்த நாள் மட்டுமே. எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதைப் பிரெஞ்சு வன அலுவலகமான ஓ.என்.எஃப். அறிவிக்கிறது. அதைக் கீழே, இணையம் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று: ‘சேமித்த’ என்றால் எங்கே சேமித்தது என்றும் கேட்க வேண்டும். சில கடிகாரங்கள் படத்தைத் தம் நினைவகத்திலேயே வைத்திருக்கும். சில, கைபேசியில் உள்ளதைக் கடன் வாங்கிக் காட்டும், கைபேசி மின்னூட்டம் தீர்ந்தால் படமும் போச்சு. உங்களுடையது எந்த வகை என்று பார்க்க, வீட்டில் கைபேசியை அணைத்து வைத்துவிட்டு, கடிகாரத்தின் வைஃபையையும் சிம் தொடர்பு இருந்தால் அதையும் நிறுத்துங்கள். அப்புறம் மார்லாவைத் திரையில் தேடிப் பெரிதாக்குங்கள். சமஉயரக் கோடுகளும் சிறு பாதைகளும் வந்தால் படம் கடிகாரத்திலேயே இருக்கிறது. ஊர்ப்பெயர் மட்டும் வந்து மற்றது வெறுமையாக நின்றால், அந்தப் பகுதியை முழு விவரத்தோடு மறுபடி இறக்கிக்கொள்ளுங்கள்.