ஈஸ்ட்ரோஜன்: சொல்லு எங்கருந்து வந்துச்சு, தமிழ்ல எப்புடி சொல்றது

கிளினிக்ல "ஒங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கொறஞ்சிருச்சு"ன்னு சொன்னா, நம்ம தோட்டத்து அம்மாமாரு நெறைய பேரு தலைய ஆட்டிட்டு வந்துருவாங்க, அது என்னான்னு கேக்குறதில்ல, சொல்றதுக்கும் ஆளில்ல. ஒடம்புக்குள்ளயே சுரக்குற ஒரு வக ஹார்மோன்தான் அது.

கிரேக்கத்துல ஒய்ஸ்ட்ரோஸ்னா மாட்டக் கடிச்சு வெறி புடிச்சு ஓட வைக்கிற ஈ. அந்த வெறிங்கிற அர்த்தம் லத்தீன் வழியா வந்து, விலங்கு எணசேர்ற பருவத்துக்குப் பேராயிருச்சு, பசு காளைக்குக் கத்துதுன்னு லயத்துல மாடு வச்சிருக்கவங்க சொல்றது அதத்தான். "ஜென்"னா உண்டாக்குறது. 1923ல எட்கர் ஆலன், எட்வர்ட் டாய்சிங்கிற ரெண்டு அமெரிக்க ஆராய்ச்சிக்காரங்க பன்னி சூலகத்து (முட்ட உண்டாகுற உறுப்பு) நீர எடுத்து, சூலகத்த வெட்டி எடுத்துட்ட எலிங்களுக்கு ஊசியா போட்டாங்க, எலிங்களுக்கு அந்தப் பருவம் திரும்ப வந்துச்சு. அந்தப் பருவத்த உண்டாக்குறதுங்கிறதுதான் ஈஸ்ட்ரோஜன்ங்கிற பேரோட அர்த்தம்.

ஆனா பேரு சொல்றது கொஞ்சந்தான். புள்ளைங்க பெரிய மனுசி ஆகுறது, மாசாமாசம் கருப்பைக்குள்ள சவ்வு தடிக்கிறது, இதுல எல்லாம் இதுக்குப் பங்கிருக்கு. யாரும் பேசாதது எலும்பு. எலும்பு எப்பவும் ஒரு பக்கம் கரையும் ஒரு பக்கம் புதுசா கட்டும், கரையிறது மிஞ்சிப் போகாம புடிச்சு வைக்கிறது ஈஸ்ட்ரோஜன்தான். பெரும்பாலும் 45லருந்து 55 வயசுக்குள்ள மாதவிடாய் நிக்கும், அப்ப சூலகத்துல சுரக்குறது ரொம்பக் கொறஞ்சிரும், எலும்பு வேகமா தேயும், நுவரெலியா குளிர்லயும் ராவுல ஒடம்பு கொதிச்சு வேர்த்து சட்ட நனஞ்சிரும். அந்த வயசுலயும் கூடைய மாட்டிக்கிட்டு ஈர மலையில கொழுந்து எடுக்குற அக்காமாரு, சும்மா வழுக்கி விழுந்ததுக்கே மணிக்கட்டு ஒடஞ்சா வயசாயிருச்சுன்னு விட்டுறாதீங்க, எலும்பப் பாக்கணுமான்னு டொக்டர்கிட்ட கட்டாயம் கேளுங்க.

இப்ப தமிழ்ச் சொல்லு. ஹார்மோன்ங்கிற பேர 1905ல ஸ்டார்லிங்ங்கிற இங்கிலாந்து விஞ்ஞானி சொன்னாரு, அதுவும் கிரேக்கம்தான், கிளப்பிவிடுறதுன்னு அர்த்தம், அதனால இயக்குநீர்ங்கிறது அழகா பொருந்துது, நம்ம ஸ்கூல் புக்ல ஓமோன்னு இருக்கும். ஈஸ்ட்ரோஜன "பெண்மை இயக்குநீர்"னு எழுதுறாங்களே, அதுல எனக்குச் சம்மதமில்ல. ஆம்பளைங்க ஒடம்புலயும் டெஸ்டோஸ்டிரோன்ல இருந்து இது கொஞ்சம் உண்டாகுது, அவங்க எலும்புக்கும் வேணும். சூலக நீர்னும் சொல்ல ஏலாது, ஒடம்புக் கொழுப்புலயும் கர்ப்பத்துல நஞ்சுக்கொடியிலயும் கூட உண்டாகுது. அதோட இது ஒத்தப் பொருளும் இல்ல, ஈஸ்ட்ரடையோல், ஈஸ்ட்ரோன், ஈஸ்ட்ரியோல்னு ஒரு குடும்பம். அதனால ஈஸ்ட்ரோஜன் இயக்குநீர்கள்னு பன்மையில எழுதுறதுதான் சரின்னு படுது.