பெர்த்ல வீடு வாங்குறீங்களா? செட்டில்மென்ட் தேதிக்கு முன்னாடி உங்க கையில இருக்கிற வேலைங்க

பெர்த்ல வீடு வாங்குற நம்ம ஆளுங்க நிறைய பேர், ஆஃபர் அக்செப்ட் ஆனதும் அப்பாடான்னு உக்காந்துடுறாங்க, இனிமே பேங்கும் செட்டில்மென்ட் ஏஜென்ட்டும் பாத்துப்பாங்கன்னு ஒரு நெனப்பு. செட்டில்மென்ட்னா மீதிப் பணத்தைக் குடுத்து வீட்ட உங்க பேருக்கு மாத்துற நாள். நான் இங்க லைசென்ஸோட செட்டில்மென்ட் ஏஜென்ட் வேலையதான் செய்றேன். நான் பாத்த வரைக்கும் செட்டில்மென்ட் தள்ளிப்போறதுக்கு காரணம் கடைசி நாள்ல வர்ற கோளாறு இல்லீங்க, முதல் ரெண்டு வாரம் சும்மா இருந்ததுதான். அந்த ரெண்டு வாரத்துல என்ன பண்ணணும்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

சிட்னி, மெல்போர்ன்ல கன்வேயன்ஸர்னு சொல்ற ஆளத்தான் வெஸ்டர்ன் ஆஸ்திரேலியாவுல செட்டில்மென்ட் ஏஜென்ட்னு சொல்றோம், 1981-ல வந்த தனிச் சட்டத்துக்கு கீழ லைசென்ஸ். லேண்ட்கேட்ங்கிற மாநில நிலப் பதிவு ஆபீஸ்ல டைட்டில் (வீடு யார் பேர்ல இருக்குங்கிற பதிவு) பாக்குறது, டிரான்ஸ்ஃபர் பத்திரம் ரெடி பண்றது, ரெவின்யூ ஆபீஸ்ல டியூட்டி (வீடு வாங்குறப்ப மாநிலத்துக்குக் கட்டுற ஸ்டாம்ப் வரி) போடுறது, கவுன்சில் ரேட்ஸ், வாட்டர் ரேட்ஸை (உள்ளூர் வரி, தண்ணி வரி) ரெண்டு தரப்புக்கும் நாள் கணக்குல பிரிக்கிறது, கடைசியில பெக்ஸாங்கிற ஆன்லைன் தளத்துல பணத்தையும் பத்திரத்தையும் ஒரே நேரத்துல கைமாத்துறது, இதான் எங்க வேலை. நாங்க வக்கீல் கிடையாது. காண்ட்ராக்ட்ல சண்டைன்னு வந்துட்டா வக்கீல்கிட்டதான் போகணும். இன்னொண்ணு, வீட்டைக் காட்டுற ரியல் எஸ்டேட் ஏஜென்ட் விக்கிறவரோட ஆளு. அவர் ஒரு செட்டில்மென்ட் ஏஜென்ட் பேரைச் சொன்னா அவரைத்தான் எடுக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. லைசென்ஸ் இருக்கான்னு மாநில அரசோட கன்ஸ்யூமர் ப்ரொடெக்‌ஷன் சைட்ல தேடிப் பாத்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

முடிஞ்சா ஆஃபர்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடியே செட்டில்மென்ட் ஏஜென்ட்கிட்ட ஒரு வார்த்தை பேசிடுங்க, ஏன்னா இந்த மாநிலத்துல வீடு வாங்குறதுக்கு கூலிங் ஆஃப் பீரியட்னு (கையெழுத்து போட்ட பிறகு மனசு மாறிப் பின்வாங்குற அவகாசம்) சட்டத்துல எதுவும் கிடையாது, மத்த மாநிலத்துல இருக்கிற ஃப்ரெண்டு அஞ்சு நாள்ல வேண்டாம்னு சொல்லிடலாம்டான்னு சொல்லியிருப்பாரு, இங்க அது நடக்காது. பில்டிங் இன்ஸ்பெக்‌ஷன், கரையான் இன்ஸ்பெக்‌ஷன், ஃபைனான்ஸ் எல்லாம் கண்டிஷனா காண்ட்ராக்ட்ல எழுதியிருந்தாதான் உங்களுக்குப் பிடிமானம்.

இப்ப நம்ம ஆளுங்களுக்கே உரிய பிரச்சினைக்கு வர்றேன். பேரு.

நம்ம பாஸ்போர்ட்ல பல பேருக்கு சர்நேம் காலி, முழுப் பேரும் கிவன் நேம்ல கெடக்கும், இல்லன்னா அப்பா பேரு சர்நேம் ஆகியிருக்கும். இங்க டிரைவிங் லைசென்ஸ் எடுக்கும்போது அவங்க வேற மாதிரி பிரிச்சிடுறாங்க. ஆஃபர் ஃபார்ம் நிரப்புற ரியல் எஸ்டேட் ஏஜென்ட் நீங்க ஈமெயில் கையெழுத்துல போட்ட பேர எடுத்து இனிஷியலோட எழுதிடுறாரு. பேங்க் லோன் பேப்பர் பாஸ்போர்ட் படி வரும். ஒரே ஆளுக்கு மூணு பேரு ஆச்சா! ஒரு தம்பதியோட ஃபைல்ல கணவர் பேரு இப்படி மூணு விதமா இருந்துச்சு, மனைவி பாஸ்போர்ட்ல கணவர் பேரு பின்னாடி, லைசென்ஸ்ல இன்னும் அப்பா பேரு. மார்ட்கேஜ்ல (பேங்க் அடமானப் பத்திரம்) இருக்கிற பேரும் டிரான்ஸ்ஃபர்ல இருக்கிற பேரும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும், இல்லன்னா பேங்க் ரெடின்னு சொல்லாது. அவங்க பேங்க் பேப்பர மாத்தி அடிக்கச் சொல்லி, கல்யாண சர்டிஃபிகேட் ஊர்ல பெட்டிக்குள்ள இருந்து கொரியர்ல வந்து, அது தமிழ்ல மட்டும் இருந்ததால நாட்டி (NAATI)ங்கிற ஆஸ்திரேலிய மொழிபெயர்ப்பு அமைப்போட அங்கீகாரம் உள்ள மொழிபெயர்ப்பாளர்கிட்ட குடுத்து வாங்கி, அதுக்குள்ள செட்டில்மென்ட் தேதி போயிடுச்சு. இதெல்லாம் முதல் வாரமே தெரிஞ்சிருந்தா ஒரு கஷ்டமும் இல்ல. அதனால ஆஃபர் எழுதும்போதே பாஸ்போர்ட்ட கையில குடுத்து, இதுல இருக்கிற மாதிரியே எழுதுங்கன்னு சொல்லுங்க. வீ.ஓ.ஐ-ன்னு ஐடென்டிட்டி செக் ஒண்ணு கட்டாயம் உண்டு, ஒரிஜினலோட நேர்ல போகணும், போஸ்ட் ஆபீஸ்லயே பல இடத்துல பண்றாங்க, அதையும் கடைசி வாரம்னு தள்ளாதீங்க.

பேரோட சேத்து இன்னொரு விஷயம், யார் யார் பேர்ல வாங்குறீங்க, எந்த வகையில. ஜாயின்ட் டெனன்ட்ஸ்னு வாங்கினா ஒருத்தர் இறந்தா அவர் பங்கு தானா மத்தவருக்குப் போகும், உயில்ல என்ன எழுதியிருந்தாலும் சரி. டெனன்ட்ஸ் இன் காமன்னா பங்கு தனித்தனி, அவங்கவங்க உயில் படி. அண்ணன் தம்பி சேந்து வாங்குறவங்க இதை யோசிக்காம கட்டத்துல டிக் அடிச்சிடுறாங்க, மனசு கஷ்டமா இருக்கும் எனக்கு. முதல்ல என் பேர்ல போட்டுட்டு அப்புறம் மனைவி பேர சேத்துக்கலாம்னு நெனைக்காதீங்க, கையெழுத்துக்கு அப்புறம் பேர மாத்தினா ரெண்டாவது தடவை டியூட்டி கட்டுற நெலம வரலாம்.

டியூட்டி கணக்கையும் ஆரம்பத்துலயே போட்டுப் பாருங்க. 2025 மார்ச் 21-லேருந்து முதல் வீட்டுக்கு 5 லட்சம் டாலர் வரைக்கும் டியூட்டி இல்ல, பெர்த் மெட்ரோ, அதுக்குத் தெற்க இருக்கிற பீல் பகுதியில 7 லட்சம் வரைக்கும், மத்த இடத்துல 7.5 லட்சம் வரைக்கும் சலுகை. அந்தக் கணக்குப்படி பெர்த்ல 6 லட்சத்துக்கு வீடு வாங்கினா சாதாரணமா 22,515 டாலர், முதல் வீட்டுக்காரருக்கு 13,630. ஊர்ல வீடு இருக்கே, எனக்கு இது கெடைக்குமான்னு நெறைய பேர் தயங்கித் தயங்கிக் கேக்குறாங்க. ரெவின்யூ ஆபீஸ் பாக்குறது ஆஸ்திரேலியாவுல வீடு இருந்துச்சான்னுதான். ஆனா வாங்குறவங்கள்ல ஒருத்தராவது சிட்டிசனாவோ பி.ஆர் ஆகவோ இருக்கணும், 12 மாசத்துக்குள்ள குடி வந்து தொடர்ந்து 6 மாசமாவது இருக்கணும். டெம்பரரி விசாவுல இருக்கிறவங்க கதை வேற, 7 சதவீதம் கூடுதல் டியூட்டி, அதுபோக 2025 ஏப்ரல் 1-லேருந்து பழைய வீடு வாங்கவே பொதுவா தடை. ஆஃபர் போடுறதுக்கு முன்னாடியே விசா நெலமய செட்டில்மென்ட் ஏஜென்ட்கிட்டயும் லோன் புரோக்கர்கிட்டயும் ஒளிவு மறைவில்லாம சொல்லிடுங்க.

பணம் எங்கேருந்து வருதுன்னு எழுதி வைங்க. அப்பா ஊர்லேருந்து அனுப்புறார்னா அங்க சி.ஏ. சர்டிஃபிகேட், பேங்க் பேப்பர்னு நாள் எடுக்கும், இங்க லோன் குடுக்குற பேங்க் இது கடன் இல்ல, அன்பளிப்புதான்னு கடிதம் கேக்கும். பணம் இங்க வந்த பிறகும் பேங்க் ஆப்ல ஒரு நாளைக்கு இவ்வளவுதான்னு லிமிட் இருக்கும், அதை முன்கூட்டியே ஏத்தி வைக்கணும். ஃபைனான்ஸ் அப்ரூவலுக்கு காண்ட்ராக்ட்ல ஒரு தேதி இருக்கு பாருங்க, அது தாண்டுறதுக்கு முன்னாடியே நீட்டிப்பு எழுத்துல வாங்கணும், ஃபோன்ல சரின்னு சொன்னாரு என்பது செல்லாது. லோன் பேப்பர் வந்தா அன்னிக்கே கையெழுத்து போட்டு அனுப்புங்க, பில்டிங் இன்ஷூரன்ஸும் அதோட எடுத்துடுங்க, பேங்க் கேக்கும். உங்க தரப்புல தாமதம்னா மூணு வேலை நாள் வரைக்கும்தான் பொறுமை, அதுக்கு மேல வட்டி ஓட ஆரம்பிச்சிடும்.

அடுத்தது நான் எல்லா கிளையன்ட்கிட்டயும் திரும்பத் திரும்ப சொல்றது. செட்டில்மென்ட்டுக்கு ரெண்டு மூணு நாள் இருக்கும்போது எங்க ஆபீஸ் பேர்லயே, எங்க லோகோவோட, உங்க ஃபைல் நம்பரோட ஒரு ஈமெயில் வரும், எங்க அக்கவுன்ட் மாறிடுச்சு, மீதிப் பணத்தை இதுல போடுங்கன்னு. ஈமெயில் அட்ரஸ்ல ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம் இருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது, ஏன்னா மோசடிக்காரன் யாரோ ஒருத்தரோட மெயில்பாக்ஸுக்குள்ள புகுந்து உக்காந்து வாரக்கணக்கா படிச்சிட்டு இருந்திருப்பான். அக்கவுன்ட் நம்பர் எதுவா இருந்தாலும், நாங்களே அனுப்பினதா இருந்தாலும், முதல் நாள் நீங்க வாங்கி வச்ச ஃபோன் நம்பருக்கு கூப்பிட்டு ஒவ்வொரு நம்பரா படிச்சு சரிபாருங்க. அந்த மெயில்ல போட்டிருக்கிற நம்பருக்கு கூப்பிடாதீங்க, அதுவும் அவன் நம்பராத்தான் இருக்கும். எங்களுக்கு தொந்தரவா இருக்குமோன்னு கூச்சப்படவே வேண்டாம், வாழ்நாள் சேமிப்பு சார் அது, நீங்க கூப்பிட்டாதான் எனக்கு நிம்மதி.

செட்டில்மென்ட்டுக்கு முந்தின அஞ்சு வேலை நாளுக்குள்ள வீட்ட ஒரு தடவை போய்ப் பாக்கலாம். சும்மா சுத்திட்டு வராதீங்க. அடுப்பு, ஓவன், ஏசி, ஹாட் வாட்டர், ரெட்டிக்குலேஷன் (தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சுற பைப்) எல்லாத்தையும் போட்டுப் பாருங்க, ஸ்மோக் அலாரம்ல தேதி பாருங்க, பத்து வருஷத்துக்கு மேல இருக்கக் கூடாது, மீட்டர் பாக்ஸ்ல ரெண்டு ஆர்.சி.டி-யாவது (ஷாக் அடிக்காம கரன்ட்ட கட் பண்ற ஸ்விட்ச்) இருக்கணும். குறை இருந்தா அன்னிக்கே ஃபோட்டோவோட உங்க செட்டில்மென்ட் ஏஜென்ட்டுக்கு அனுப்புங்க, பணம் கைமாறின பிறகு கேட்டா யாரும் அசைய மாட்டாங்க.

வீட்ட விக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. 2025 ஜனவரி 1-லேருந்து விலை எவ்வளவா இருந்தாலும் டாக்ஸ் ஆபீஸ்லேருந்து கிளியரன்ஸ் சர்டிஃபிகேட் வேணும், டைட்டில்ல இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா. பொறந்ததுலேருந்து சிட்டிசனா இருந்தாலும் அது இல்லன்னா வாங்குறவர் விலையில 15 சதவீதத்தை பிடிச்சு வரி ஆபீசுக்கு கட்டிடணும். சில சமயம் 28 நாள் வரைக்கும் ஆகும், வீட்ட லிஸ்ட் பண்ற அன்னிக்கே அப்ளை பண்ணிடுங்க. லோன் இருந்தா பேங்குக்கு டிஸ்சார்ஜ் ஃபார்மும் (அடமானத்தை விடுவிக்கக் கேக்குற ஃபார்ம்) அப்பவே.

குடி போறத பத்தியும் சொல்லிடுறேன், நல்ல நேரம் பாத்து பால் காய்ச்ச நாள் குறிக்கிறவங்க கவனிங்க. விக்கிறவர் அந்த வீட்லயே குடியிருந்தா, செட்டில்மென்ட்டுக்கு மறுநாள் மதியம் 12 மணி வரைக்கும் அவருக்கு காலி பண்ண நேரம் உண்டு, பொதுவான காண்ட்ராக்ட் படி. அன்னிக்கே சாவி வேணும்னா ஆஃபர்லயே எழுதி வாங்கணும். லாரியையும் ஐயரையும் செட்டில்மென்ட் அன்னிக்கு காலையில புக் பண்ணிடாதீங்க, ரெண்டு நாளாவது தள்ளி வைங்க, பழைய வீட்டு வாடகை லீஸையும் ஒரு வாரம் கூடவே வச்சுக்குங்க.