புயலுக்குப் பிறகு விழிக்காத பேட்டரி

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூரின் கரையோரத் தெருக்களில் வெள்ளம் புகுந்தது. மின்சாரம் திரும்பிய பின் அத்தெருக்களில் ஒன்றில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர், இன்வெர்ட்டர் பேட்டரி பொருத்தித் தரும் என்னை அழைத்தார். "லைன் வந்துவிட்டது தம்பி, இன்வெர்ட்டர்தான் சார்ஜ் ஏற மாட்டேன் என்கிறது. பேட்டரி வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது" என்றார். சென்று மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது, 12.8 வோல்ட் காட்ட வேண்டிய லித்தியம் பேட்டரியின் முனைகளில் ஒரு வோல்ட்கூட இல்லை. பழைய பொருளாகப் போட்டுவிடலாமா என்று அவர் கேட்டார்.

அந்தப் பேட்டரி செத்துவிடவில்லை. தன்னைத் தானே துண்டித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு ஏற்ற லித்தியம் அயன் பாஸ்பேட் பேட்டரியில் 3.2 வோல்ட் செல்கள் நான்கு தொடராக இணைந்திருக்கும். அவற்றைக் காக்கும் பி.எம்.எஸ். என்ற மின்னணுப் பலகை, ஏதேனும் ஒரு செல் ஏறத்தாழ 2.5 வோல்ட்டுக்கு இறங்கியவுடன் வெளி இணைப்பை அறுத்துவிடும். டியூபுலர் எனப்படும், தண்ணீர் ஊற்றும் வழக்கமான ஈய-அமில பேட்டரிக்கென்று செய்யப்பட்ட இன்வெர்ட்டரோ பெரும்பாலும் 10.5 வோல்ட் வரை மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். செல்கள் நான்கும் ஒரே சீராகக் காலியாவதில்லை என்பதால், இன்வெர்ட்டர் நிறுத்துவதற்கு முன்பே பி.எம்.எஸ். துண்டித்துவிடுகிறது. பிறகு லைன் வந்தாலும், முனையில் வோல்டேஜ் தெரியாததால், பேட்டரியே இல்லை என்று கருதிப் பல இன்வெர்ட்டர்கள் சார்ஜ் செய்வதில்லை. நல்ல நிலையிலிருந்த வேறொரு 12 வோல்ட் பேட்டரியைச் சில நொடிகள் இணையாகக் கொடுத்தவுடன் ஆசிரியர் வீட்டுப் பேட்டரி விழித்துக்கொண்டது. (வீட்டிலுள்ளவர்கள் இதை முயல வேண்டாம், முனை மாறினால் தீப்பொறியோடு நிற்காது.)

ஆகவே லித்தியம் வாங்குகிறவர்கள் கடையில் முதலில் கேட்க வேண்டியது விலையையோ வாரண்டியையோ அல்ல. தங்கள் வீட்டு இன்வெர்ட்டரில் லித்தியத்துக்கென்று தனி அமைப்பு (செட்டிங்) இருக்கிறதா என்பதைத்தான். நான் பொருத்தும் இடங்களில் ஏறத்தாழ 12 வோல்ட்டிலேயே இன்வெர்ட்டர் நின்றுவிடும்படி வைக்கிறேன். சிறிது மின்சாரம் மிச்சமிருக்கும்போதே நிற்பதால் பி.எம்.எஸ்.ஸுக்கு வேலை வருவதில்லை. சார்ஜ் ஏறும்போதும் இதே கவனம் வேண்டும்: டியூபுலரின் செல்களைச் சமன்படுத்த அவ்வப்போது கூடுதல் வோல்டேஜில் கொடுக்கப்படும் ஈக்குவலைசேஷன் சார்ஜ், லித்தியத்தின் 14.6 வோல்ட் உச்சத்தைத் தாண்டிவிடக்கூடும்.

அளவைப் பொறுத்தவரை, ஏ.எச். (ஆம்பியர்-அவர்) எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். 12.8 வோல்ட், 100 ஏ.எச். என்றால், இரண்டையும் பெருக்கினால் 1280 வாட்-அவர். அதில் பத்தில் ஒன்பது பங்கைப் பயன்படுத்தி, இன்வெர்ட்டரில் வீணாவதையும் கழித்தால், கைக்கு வருவது ஏறத்தாழ 980. பழைய 75 வாட் மின்விசிறிகள் நான்கும் ஐந்து எல்.இ.டி. விளக்குகளும் ஓடினால் மூன்று மணி நேரம்கூடத் தாங்காது. அதே இடத்தில் மின்சாரத்தைக் குறைவாக இழுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறிகள் இருந்தால் ஐந்தரை மணி நேரத்தைத் தாண்டும். என் வியாபாரத்துக்கு எதிராகவே சொல்கிறேன்: முதலில் மின்விசிறியை மாற்றுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயலுக்குப் பிறகு எத்தனையோ கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அத்தகைய நாட்களுக்கு மாடியில் சோலார் பேனல் இல்லாமல் எந்தப் பேட்டரியும் உதவாது.

பி.எம்.எஸ். எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 50 ஆம்பியர் என்றால் 640 வாட்தான். தண்ணீர் மோட்டாரை அதில் ஓட்ட நினைப்பது வீண். மலிவாகக் கிடைக்கும் உள்ளூர்ப் பேட்டரிகள் சிலவற்றில் மின்வாகனங்களில் உழைத்துக் களைத்த செல்கள் இருப்பதை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். செல்லின் தயாரிப்புத் தேதியையும் லித்தியம் பேட்டரிப் பாதுகாப்புக்கான ஐ.இ.சி. 62619 சோதனைச் சான்றையும் காட்டத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்காக நிறுத்தும் சில மணி நேரம் மட்டுமே உங்கள் சிக்கல் என்றால், டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றும் பொறுமை இருக்கும்வரை டியூபுலரே போதும். லித்தியத்தின் சிறப்பு ஆயிரக்கணக்கான முறை ஏறி இறங்கும் ஆயுள். ஏறி இறங்காமல், நிரம்பிய நிலையிலேயே வெப்பத்தில் கிடந்தால், அதுவும் மெல்ல மூப்படைகிறது. அக்னி நட்சத்திர வெயிலில் தகிக்கும் மாடிப்படி அறை அதற்கு ஏற்ற இடமன்று. உப்புக்காற்றில் முனைகள் பச்சை பூப்பதால், ஆண்டுக்கு ஒருமுறை லக்குகளை (கம்பி முனை இணைப்புகளை) துடைத்து முறுக்கிவிட வேண்டும்.

ஆசிரியர் வீட்டுக் கூடத்துச் சுவரில், முழங்காலுக்குச் சற்று மேலே, வெள்ளம் விட்டுச்சென்ற சேற்றுக்கோடு இன்னும் காயாமல் இருந்தது. மாடிக்கு ஏற்றி வைத்திருந்ததால் மட்டுமே பேட்டரி தப்பியிருக்கிறது. அந்தக் கோட்டுக்கு இரண்டடி மேலே சுவரில் இரும்புத் தாங்கி அடித்து, பேட்டரியை அதன் மேல் வைத்துவிட்டு வந்தேன்.